பழைய ராலி சைக்கிள்: ஹேண்டில் இறுகிப்போச்சு, கழற்ற வழி சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே, மட்டக்களப்பு கல்லடியிலிருந்து எழுதுகிறேன். அப்பப்பா ஓடிய ராலி சைக்கிளைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். கம்பி பிரேக் வைத்த பெரிய சைக்கிள். ஹேண்டில் தண்டு, முன்சக்கரத்தைப் பிடிக்கிற ஃபோர்க்கின் குழாய்க்குள் துருப்பிடித்து இறுகிக் கிடக்கிறது. கடற்காற்று சும்மா விடுமா?

மேலே உள்ள நீள போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி, தலையில் பலகைத்துண்டு வைத்துச் சுத்தியலால் தட்டினேன். போல்ட் 'டொக்' என்று கீழே இறங்கியது. ஆக, தண்டை உள்ளே இறுக்கிப் பிடிக்கிற கூம்பு விட்டுவிட்டது, பிடித்திருப்பது துருதான். பிரேக் கம்பிகளையும் கழற்றியாச்சு. முன் மட்கார்டை எடுத்து, சைக்கிளைக் கவிழ்த்து, ஃபோர்க் குழாயின் அடித்துளை வழியாகவும் துரு இளக்கும் டபிள்யூடி-40 ஸ்பிரே அடித்து ஊறவிட்டேன். தண்டைச் சுற்றிச் செங்கல் நிறத்தில் எண்ணெய் கசிகிறது, ஆனால் அசைவே இல்லை. முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிப் பிடித்துத் திருப்பினால் ஃபோர்க் வளைந்துவிடுமோ என்று பயம்.

காஸ் அடித்துச் சூடாக்கச் சொல்கிறார்கள். பழைய பெயின்டும் பொன்நிறக் கோடும் கருகிவிடும், அது கடைசி வழி. தண்டும் ஃபோர்க்கும் இரண்டுமே இரும்பு, அதனால் அமோனியா யோசனை வேண்டாம், அது அலுமினியத்துக்குத்தான். அசிட்டோனும் ஒட்டோ கியர் ஒயிலும் சரிபாதி கலந்து ஊற்றிப் பார்த்தவர்கள் யாரும் உண்டா? பெயின்டைத் தின்னாதா?

காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனைப் பக்கம் பெரிய வைஸ் (இரும்புப் பிடிகருவி) வைத்திருக்கிற பழைய சைக்கிள் பாஸ்மார் யாராவது இருந்தால் சொல்லுங்கள். ஃபோர்க்கின் தோள்பட்டையை மரக்கட்டை வைத்து வைஸில் பிடித்துத் திருப்பினால் வரும் என்று நினைக்கிறேன். சைக்கிளை லேண்ட்மாஸ்டரில் (இரண்டு சக்கர உழவு இயந்திரம்) ஏற்றிக்கொண்டு வருகிறேன். வெட்டி எடுக்கலாம் என்பவர்கள் மட்டும் தயவுசெய்து வேண்டாம்.