தங்கச்சியைத் தேடச் சொன்னால் மீன் பிடிக்கிறான்

மக்களே, ஒரு யோசனை வேணும். நானும் சித்தப்பா மகனும் சேர்ந்து ஒரு சின்ன ரோல் பிளேயிங் வீடியோ கேம் (ஒரு பாத்திரமாகவே மாறி விளையாடுவது) செய்கிறோம். களம் நம்ம தாமிரபரணிதான், பாபநாசத்திலிருந்து புன்னைக்காயல் வரை எங்கே வேண்டுமானாலும் போகலாம். கதை, வெள்ளத்தில் காணாமல் போன தங்கச்சியை அண்ணன் தேடுவது.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகனிடம் விளையாடக் கொடுத்தேன். கேமில் வரும் அம்மா அழுது முடிக்கும் முன்பே வசனத்தைத் தள்ளிவிட்டு, கல்லிடைக்குறிச்சிப் படித்துறையில் உட்கார்ந்து நாற்பது நிமிடம் கெண்டை பிடித்தான். "ஏல, தங்கச்சி எங்க?" என்றேன். "அவ எங்க மாமா போயிரப் போறா, நான் போனாத்தான கதையே நகரும்" என்றான். பயல் சொன்னது சரிதான்.

1997-இல் வந்த ஃபால்அவுட் கேமில், தண்ணீர் சுத்திகரிக்கும் எந்திரத்துக்கான சில்லைக் (சிப்) கொண்டுவர 150 நாள் கெடு உண்டு. அதேபோல கெடு வைத்துப் பார்த்தேன், பயத்தில் ஒருத்தரும் பாதையை விட்டு இறங்கவில்லை, மூன்று மாதம் வரைந்த மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம் வீண். 2017-இன் பிரெத் ஆஃப் தி வைல்ட் கேமில் கதை பெரும்பாலும் பழைய நினைவுகளாகச் சிதறிக் கிடப்பதால் எந்த வரிசையில் பார்த்தாலும் பொருந்துகிறது. ஆனால் எனக்குத் தங்கச்சி உயிரோடு வேணும், நினைவாக இல்லை!

இப்போதைக்கு ஒன்று தோன்றுகிறது: மீன் பிடிக்கிற தூண்டிலிலேயே அவள் கொலுசு மாட்டட்டும், ஊர் சுற்றுவதே தேடலாகட்டும். இப்படி யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா, எங்கே சொதப்பும்? விளையாடிப் பார்க்க விருப்பமென்றால் சொல்லுங்கள், ஆண்ட்ராய்டு பில்டு (சோதனைப் பதிப்பு) அனுப்புகிறேன், சேவ் (விளையாடிய வரை பதிந்தது) அழிந்தால் திட்டக்கூடாது.