அக்காவின் முதல் தொடர்பு

அக்கா: நேற்று ராத்திரி ஹாம் ரேடியோவில் (பொழுதுபோக்கு வானொலி), 40 மீட்டர் அலைவரிசையில் முதல் தொடர்பு கிடைத்துவிட்டது!! 43 ரிப்போர்ட். இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

அம்மா: ரொம்ப சந்தோஷம் கண்ணு. 43 என்றால் நல்லதா?

சித்தப்பா: முதல் எண் பேச்சு எவ்வளவு புரிகிறது என்பது அண்ணி, 5 வரை. அடுத்தது சிக்னலின் வலு, 9 வரை. சிக்னல் மெலிவு, ஆனாலும் பேச்சு புரிந்தது என்று அர்த்தம். நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

நான்: வீடியோ காலில் யாரோடு வேண்டுமானாலும் பேசலாமே சித்தப்பா, இதில் அப்படி என்ன இருக்கிறது?

சித்தப்பா: போனில் தெரிந்தவரைக் கூப்பிடுவாய். இங்கே "சிக்யூ", அதாவது யாராவது பேசுங்கள் என்று கூப்பிட்டால் யார் காதில் விழுகிறதோ அவர் பதில் தருவார். நடுவில் டவர் கிடையாது. பகலில் வானத்தின் டி அடுக்கு இந்த அலைகளைப் பெருமளவு உறிஞ்சிவிடும். இருட்டினால் அந்த அடுக்கு மறையும். அப்புறம் அலை மேலே எஃப் அடுக்கு வரை போய் வளைந்து, வெகுதூரத்தில் இறங்கும்.

சித்தப்பா: ஆனால் நேற்று என் மனதைத் தொட்டது வேறு. பாப்பா தன் கால்சைனை, அதாவது தன் ஸ்டேஷனின் அடையாளக் குறியை, திரும்பத் திரும்பச் சொல்கிறாள், இரைச்சலில் பாதிதான் வருகிறது. நெட்டை, அதாவது ஒரே அலைவரிசையில் பலர் கூடிப் பேசும் கூட்டத்தை, நடத்தியவர் உடனே, "எல்லோரும் கொஞ்சம் பொறுங்கள், ஒரு மெலிவான ஸ்டேஷன் கூப்பிடுகிறது" என்றார். 100 வாட்டில் பேசிக்கொண்டிருந்தவர்கள்கூட மைக்கைத் தொடவில்லை. அப்போது ஒருவர், "எனக்குக் கேட்கிறது, ரிலே பண்ணுகிறேன்" என்று எழுத்து எழுத்தாக எடுத்துச் சொன்னார். இவள் யாரென்று அங்கே என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

அக்கா: அவர் குரல் கேட்ட பிறகுதான் தைரியமே வந்தது. கடைசியில் எல்லோரும் வரிசையாக 73 சொன்னார்கள்.

அத்தை: 73 ஆ?

அக்கா: தந்திக் காலத்திலிருந்து வரும் வாழ்த்து அத்தை, விடைபெறும்போது சொல்வது.

அத்தை: முகமே பார்க்காமல் இவ்வளவு பாசமா!

சித்தப்பா: மோர்ஸில் குரல்கூட இருக்காது அக்கா. என் நண்பர் ஒருவர் நீளமான தட்டலைச் சற்றே இழுப்பார். கால்சைன் வருவதற்கு முன்பே அவர்தான் என்று தெரிந்துவிடும். நேரில் சந்தித்ததே இல்லை. இரண்டு நாள் அவர் சத்தம் இல்லையென்றால் எனக்கு வேலை ஓடாது.

நான்: விண்வெளி நிலையத்தோடும் பேசலாமாமே?

சித்தப்பா: பேசலாம். 1983-ல் ஓவன் காரியட் கொலம்பியா விண்கலத்திலிருந்து பூமியில் இருந்த ஹாம்களோடு பேசினார். அதுதான் விண்வெளியிலிருந்து முதல் ஹாம் தொடர்பு. இப்போது நிலையத்திலும் ஹாம் ரேடியோ உண்டு. நீ 145.800 மெகாஹெர்ட்ஸில் கேட்டுப் பார். தலைக்கு மேல் கடக்க அதிகம் போனால் 10 நிமிடம், அதனால் நேரம் பார்த்து உட்கார வேண்டும்.

அக்கா: சித்தப்பா, ரிலே செய்தவருக்கு க்யூஎஸ்எல் கார்டு (தொடர்பை உறுதிசெய்யும் அட்டை) எழுதுகிறேன். என்னென்ன போட வேண்டும்?

சித்தப்பா: இரண்டு பேர் கால்சைன், தேதி, யூடிசி எனும் உலகப் பொது நேரம், அதிர்வெண், ரிப்போர்ட். நம் கடிகார நேரத்தைப் போட்டுவிடாதே. மிச்ச இடத்தில் நன்றியைக் கையாலேயே எழுது.

அக்கா: சரி. 43-ஐ ஏற்ற பெரிய செட் வாங்கணுமா?

சித்தப்பா: வேண்டவே வேண்டாம். உன் டைபோல் ஆன்டெனா மிகவும் தாழ்வாகத் தொங்குகிறது. நீ பேசும் 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு மொத்தம் சுமார் 20 மீட்டர் கம்பி, அந்த அளவு சரியாகத்தான் இருக்கிறது. உயரம்தான் போதாது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், தூக்கிக் கட்டிவிடலாம்.

நான்: கயிறு நான் எடுத்து வைக்கிறேன். எத்தனை மீட்டர் வேண்டும்?

சித்தப்பா: 30 இருக்கட்டும் தம்பி. நைலான் வேண்டாம், வெயிலில் இற்றுப்போகும்.