வாக்குத்தத்தத்தைப் பற்றிக்கொண்டு ஜெபித்த உங்கள் அனுபவங்கள்

தலவாக்கலை மகள்:
டிசம்பர் 31 இரவு ஆராதனையில் புதுவருஷத்துக்கென்று நான் எடுத்த வாக்குத்தத்த அட்டையில், அதாவது தேவன் தந்த வாக்காக ஒரு வேதவசனம் எழுதிய அட்டையில், யாத்திராகமம் 15:26 இருந்தது: "நானே உன் பரிகாரியாகிய கர்த்தர்." அம்மாவுக்கு அப்போது இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகியிருந்தன. வாசிக்கத் தெரியாத அவர், கொழுந்துக் கறை ஏறிய கட்டைவிரலால் அந்த வரியைத் தடவி, "இது எனக்குத்தான் வந்திருக்கு மகள்" என்றார். உபவாசமிருந்து அதையே உரிமைபாராட்டி ஜெபித்தோம். மார்ச்சில் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடக்கம் முடிந்து, தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்து வாசலில் நின்றபோது, ஜெபிக்க வந்திருந்த ஒருவர் என்னிடம், "வீட்டில் யாரோ சந்தேகப்பட்டிருக்கிறீர்கள்" என்றார். அந்தச் சொல் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

பண்டாரவளை அண்ணன்:
தங்கச்சி, மனம் தளராதீர்கள். விசுவாசித்துக் கேட்டதைப் பெற்றவன் நான். 1823 முதல் இந்த மலையில் உழைத்தும் ஒரு முழக் காணி சொந்தமில்லாத பரம்பரை எங்களுடையது. காலடி மிதிக்கும் இடத்தையெல்லாம் கொடுத்தேன் என்கிற யோசுவா 1:3ஐச் சொல்லிக்கொண்டு, எங்களுக்கென்று அளந்துவிட்ட 7 பேர்ச்சஸ் நிலத்தை நானும் மனைவியும் ஏழு விடியற்காலைகள் பனியில் சுற்றி நடந்தோம். லயத்தில் அடுத்த காம்பராவில் (அறையில்) இருப்பவரும் எங்களோடு நடந்தார். நான்கு வருடங்களுக்குப் பிறகு காணி உறுதிப் பத்திரம் என் கைக்கு வந்தது. அவருக்கு இன்னும் வரவில்லை.

கொஸ்லாந்தைவாசி:
சகோதரரே, உங்களோடு நடந்தவரின் விசுவாசம் உங்களுடையதைவிடக் குறைந்ததா? உங்கள் கடைசி வரியே உங்கள் சாட்சியை மறுக்கிறது. 2014 அக்டோபர் 29 காலை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் புதைந்தபின், முகாமில் ஆறுதலுக்காகச் சங்கீதம் 91ஐ வாசித்தேன். "உன் பக்கத்தில் ஆயிரம்பேரும்... விழுந்தாலும், அது உன்னை அணுகாது" என்ற இடத்தில், பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் தலைநிமிர்ந்து என்னைப் பார்த்தார். அதற்கு மேல் என்னால் வாசிக்க முடியவில்லை.

அன்றிலிருந்து ஒரு வசனத்தைப் பற்றிக்கொள்ளுமுன் அந்த அதிகாரம் முழுவதையும் வாசிக்கிறேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். தேவாலயத்து உப்பரிகையில் நின்று அதே சங்கீதத்தை இயேசுவிடம் எடுத்துச் சொன்னவன் சோதனைக்காரனாகிய பிசாசு என்று மத்தேயு 4 சொல்கிறது. "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்று எல்லாரும் அட்டையில் விரும்பும் எரேமியா 29:11, பாபிலோனுக்குச் சிறைபோனவர்களுக்கு எழுதிய நிருபத்தில் இருக்கிறது; அதற்கு முந்திய வசனமோ எழுபது வருஷம் முடிந்தபின்பே திரும்பிவரலாம் என்கிறது, அதைக் கேட்டவர்களில் அநேகர் திரும்பி வருமுன்னே பாபிலோனிலேயே மரித்திருப்பார்கள். எபிரெயர் 11:39, விசுவாசத்தினாலே நற்சாட்சி பெற்றவர்களே வாக்குத்தத்தத்தை அடையாமற்போனார்கள் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. சகோதரி, சந்தேகம்தான் தடையென்றால், "என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று மாற்கு 9:24இல் அழுத தகப்பனின் மகன் எப்படிக் குணமானான்?

தலவாக்கலை மகள்:
ஐயா, அந்தத் தகப்பனை நான் இதுவரை நினைத்துப் பார்க்கவில்லை. சந்தேகப்பட்டது நான்தான். பெப்ரவரியில் ஒரு நாள், இரத்தச் சுத்திகரிப்பு முடிந்து கடைசி பஸ்ஸில் திரும்பும்போது, என் தோளில் சாய்ந்து உறங்கிய அம்மாவின் கையில் அந்த அட்டை இருந்தது. "ஆண்டவரே, இனி இவர் வேதனைப்பட வேண்டாம், உம்மிடம் எடுத்துக்கொள்ளும்" என்று ஜெபித்தேன். இதை வீட்டில் எவரிடமும் நான் சொன்னதில்லை.