கத்தரி போடாத ரோஸ்ட்: ஜனம் எதைப் பார்க்க வருகிறது?

கரிச்சான்:
ரோஸ்ட் என்றால், ஒரு பிரபலத்தைச் சம்மதத்தோடு மேடையில் உட்கார வைத்து, மற்றவர்கள் ஏறி ஜோக்கடித்துக் கலாய்ப்பது. 2024 மே 5, அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம் டாம் பிரேடி ரோஸ்ட். நெட்ஃப்ளிக்ஸ் நேரலை, ஏறக்குறைய மூன்று மணி நேரம், நடத்தியவர் நகைச்சுவை நடிகர் கெவின் ஹார்ட். மனுஷனின் விவாகரத்து வரைக்கும் இழுத்துக் கலாய்த்தார்கள். கலை, கைவேலை என்று எவ்வளவு பூசினாலும் ஜனம் பார்ப்பது பெரிய ஆள் அசிங்கப்படுவதைத்தான். நடிகை பமீலா ஆண்டர்சன் ரோஸ்ட் (2005) டிவிடியாக வந்தபோது, தணிக்கை செய்யாதது என்று தலைப்பிலேயே போட்டுத்தான் விற்றார்கள். சரக்கு எது என்று விற்கிறவனுக்குத் தெரியும்.

மேடைக்கூத்தன்:
அசிங்கம்தான் சரக்கு என்றால் பாடகர் டீன் மார்ட்டின் நடத்திய ரோஸ்ட் அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் 1974 முதல் 1984 வரை எப்படி ஓடியது? கெட்ட வார்த்தைக்கு இடமே இல்லாத தொலைக்காட்சி அது.

ரோஸ்ட்டின் பலம் அதைக் கட்டுகிற விதத்தில் இருக்கிறது. ஆளுக்குச் சில நிமிஷம். முதலில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு, பிறகுதான் நாயகனுக்கு. எல்லோரும் அடி வாங்கிவிடுவதால் ஒருத்தரைக் கூடி மொத்துகிற உணர்வு வராது. கடைசியில் நாயகனே எழுந்து அத்தனை பேருக்கும் திருப்பிக் கொடுப்பார். அந்தப் பகுதி இல்லாவிட்டால் அது வெறும் வசவு.

ஜோக்கும் அப்படித்தான். முதல் வரி ஊருக்கே தெரிந்த உண்மை, பாராட்டு மாதிரி ஒலிக்க வேண்டும். அடுத்த வரியில் திருப்பம். குத்துகிற சொல் கடைசியில் நிற்க வேண்டும்; அதற்குப் பின் இரண்டு சொல் மிச்சம் இருந்தாலும் சிரிப்புச் சத்தத்தில் அமுங்கிவிடும், பேசுகிறவர் தடுமாறுவார். கூட்டத்துக்குத் தெரியாத விஷயத்தைத் தொட்டால் விளக்க வேண்டிவரும், விளக்கினால் ஜோக் செத்தது. நகைச்சுவையாளர் நிக்கி கிளேசர் பிரேடி மேடைக்கு முன் கிளப்புகளில் பேசிப் பார்த்து, எடுபடாததைக் கழித்துவிட்டுத்தான் வந்தார்.

2008இல் நடிகர் பாப் சாகெட் ரோஸ்ட்டைப் பாருங்கள். எல்லோரும் பச்சையாகப் பேச, நகைச்சுவையாளர் நார்ம் மெக்டொனால்ட் தாத்தா காலத்துக் கடி ஜோக்குகளாகச் சொன்னார். இன்றைக்கும் ரசிகர்கள் தேடிப் பார்ப்பது அவரைத்தான்.

கரிச்சான்:
நார்ம் என் பக்கத்துச் சாட்சி. மற்றவர்கள் பச்சையாகப் பேசியதால்தான் அந்தக் கடி எடுபட்டது, சுத்தமான மேடையில் அது மொக்கை. நீங்கள் சொன்ன அதே கட்டுமானம்தான் 2002இல் நகைச்சுவை நடிகர் செவி சேஸ் ரோஸ்ட்டிலும். ஏன் படுத்தது? பழைய கூட்டாளிகள் பெரும்பாலும் வரவில்லை, அதிகம் பழகாதவர்கள் ஏறித் திட்டினார்கள். கறுப்புக் கண்ணாடியோடு அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

மேடைக்கூத்தன்:
அதில் உங்களோடு உடன்படுகிறேன். நியூயார்க்கில் கலைஞர்களின் சங்கமான ஃபிரையர்ஸ் கிளப்பில் இது ஆரம்பித்தது ஒரே தொழிலில் பழகியவர்களுக்குள், மூடிய கதவுக்குப் பின்னால். பழக்கம் இல்லாத வாயில் அதே வரி வசவாகிவிடும். யார் பேசுவது என்பதை முடிவு செய்வதில்தான் பாதி வேலை.

நித்யா.சு:
இரண்டு பேரும் ‘தணிக்கை இல்லை’ என்பதை அப்படியே நம்புகிறீர்கள். 2011 டிரம்ப் ரோஸ்ட்டில், அவர் சொல்லிக்கொள்ளும் அளவுக்கு அவரிடம் பணம் இல்லை என்று மட்டும் பேசக் கூடாது என நிபந்தனை இருந்ததாக எழுதியவர்களே பிறகு சொன்னார்கள். 2015இல் பாடகர் ஜஸ்டின் பீபர் ரோஸ்ட்டில் மறைந்த நடிகர் பால் வாக்கர் பற்றிய ஜோக்குகள் ஒளிபரப்புக்கு முன் வெட்டப்பட்டன. பிரேடி ரோஸ்ட்டிலேயே, பேச வந்த டிவி பிரபலம் கிம் கர்தாஷியானை நோக்கிக் கூட்டம் ஊளையிட்ட சத்தத்தை நெட்ஃப்ளிக்ஸ் பின்னர் குறைத்துவிட்டது. நேரலையில் பார்த்தவர்களுக்குக் கிடைத்தது ஒன்று, மறுநாள் பார்த்தவர்களுக்கு வேறொன்று.

கத்தரிக்கு எட்டாமல் நழுவுவது ஒரு கணம்தான். நகைச்சுவையாளர் ஜெஃப் ராஸ், பிரேடி ஆடிய அணியின் உரிமையாளர் ராபர்ட் கிராஃப்டைப் பற்றி மசாஜ் ஜோக் அடித்ததும் பிரேடி எழுந்து வந்து, இனி அதைச் சொல்லாதே என்று காதருகே சொன்னார். மைக் அதைப் பிடித்துவிட்டது. எழுதி வைத்த மற்ற அத்தனையையும் விட அந்தச் சில நொடிகளைத்தான் மறுநாள் உலகமே பேசியது.

மும்பையில் 2014 டிசம்பரில் ஏஐபி என்ற நகைச்சுவைக் குழு நடத்திய ரோஸ்ட்டை யோசியுங்கள். கரண் ஜோஹர் நடத்த, ரன்வீர் சிங்கும் அர்ஜுன் கபூரும் சம்மதித்து உட்கார்ந்தார்கள். அரங்கில் டிக்கெட் வாங்கிச் சிரித்தவர்களோடு முடிந்திருந்தால் பிரச்சினை இல்லை. ஜனவரியில் யூடியூபில் ஏற்றினார்கள். புகார்கள், வழக்கு, பிப்ரவரி தொடக்கத்தில் வீடியோவை அவர்களே எடுக்க வேண்டியதாயிற்று.

கரிச்சான்:
சம்மதம் என்றால் யாருடைய சம்மதம்? தன்னைப் பற்றிய ஜோக்குகள் பிடித்தன, பிள்ளைகளைப் பாதித்த விதம் பிடிக்கவில்லை என்று பிரேடியே சில நாளில் சொன்னார். அவருடைய முன்னாள் மனைவிக்கு அந்த மேடையில் நாற்காலி கிடையாது. கடைசியில் எழுந்து திருப்பிக் கொடுக்கும் வாய்ப்பும் கிடையாது.

மேடைக்கூத்தன்:
அந்த வாதம் செல்லும். மேடையில் உட்காராதவரைத் தொடக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதட்டும். வார்த்தைக்குத் தணிக்கை வேண்டாம், அதில் மாற மாட்டேன்.

கரிச்சான்:
எழுதட்டும். அப்படி எழுதினால் பிரேடி ரோஸ்ட்டில் எத்தனை நிமிஷம் மிஞ்சும், அதற்கு எத்தனை பேர் உட்கார்வார்கள் என்பதையும் பார்த்துவிடுவோம்.