சினைப்பன்னிக்கு ஃபோலிக் ஆசிட் போட்டா குட்டி வெளுப்பு போகுமா?

வால்டோர்_தம்பி:
வணக்கம்ணே. பினாங்கு சுங்கை பாக்காப் பக்கம் பன்னிப் பண்ணையில வேலை செய்றேன். ரெண்டு மூனு மாசமா குட்டிங்க பொறந்து பத்து நாள்ல வெளுத்து சோர்ந்து கெடக்குது, பேதி இல்ல, பால் குடிக்குது, ஆனா காதப் பாத்தா காகிதம் மாதிரி இருக்கு. தீனி விக்க வர்ற ஆளு, தாய்க்கு ஃபோலேட் (ஃபோலிக் ஆசிட் சத்துதான்) பத்தல, எங்க பிரிமிக்ஸ், அதான் தீனியில கலக்குற சத்துப்பொடி, போடுங்கன்னு தவுக்கே (மொதலாளி) காதுல ஓதிட்டாரு. என் வீட்டுக்காரிக்கும் புள்ள உண்டானப்ப கிளினிக்ல ஃபோலிக் மாத்திரைதான் குடுத்தாங்க, அதனால எனக்கும் சரின்னு படுது. போடலாமா?

தீனிக்கார_அண்ணன்:
தம்பி, ஃபோலேட் வேற கத, உங்க குட்டி வெளுப்பு வேற கத. சினையில தாயோட ரத்தத்துல ஃபோலேட் எறங்கும், அது உண்மைதான். 1984ல கனடாவுல சினைப்பன்னிக்கு ஃபோலிக் ஊசி போட்டுப் பாத்தாங்க, குட்டி எண்ணிக்கை கூடுச்சு, ஆனா பின்னால செஞ்ச சில இடத்துல அப்படி வரல. கருவுக்கு அது தேவைப்படுறது சினை புடிச்ச ஆரம்ப வாரங்கள்ல. ஈனப்போற நேரத்துல போட்டு வெளுத்த குட்டி செவக்கும்னு சொல்றது யாவாரம். அமெரிக்காவோட தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் (என்ஆர்சி) 2012 கணக்கு தாய்க்கு கிலோ தீனிக்கு 1.3 மில்லிகிராம், உங்க மூட்டை லேபிள்ல எவ்ளோ இருக்குன்னு மொதல்ல பாருங்க. குட்டிக்கு சீம்பால்லயே ஃபோலேட் நெறைய கெடைக்கும். அயர்ன் ஊசி போடுறீங்களா?

வால்டோர்_தம்பி:
போடுறோம்ணே, மூனாம் நாள் 1 மில்லி, எப்பவும் அதான்.

பட்டர்வொர்த்_அக்கா:
எப்பவும் அதான்னா பாட்டிலும் எப்பவும் அதேதானா? அயர்ன் டெக்ஸ்ட்ரான், அதான் அந்த ஊசி மருந்து, மில்லிக்கு 100 மில்லிகிராம் அயர்ன் உள்ளதும் இருக்கு 200 உள்ளதும் இருக்கு தம்பி. குட்டிக்கு 200 மில்லிகிராம் போகணும், பொறக்கும்போது ஒடம்புல கெடக்குற அயர்ன் ஒரு 50தான், தெனமும் 7லருந்து 10 வரைக்கும் கேக்கும், பால்ல வர்றது ஏறக்குறைய 1தான், அப்ப பத்தாம் நாள் வெளுக்காம என்ன செய்யும்? சும்மா ஒன்னு சொல்றேன், 1931ல லூசி வில்ஸ்னு ஒரு டாக்டர் பம்பாய்ல கர்ப்பிணிங்க ரத்தசோகைய மார்மைட்ங்கற ஈஸ்ட் பசை குடுத்தே கொணப்படுத்துனாங்க, நாம கோழி பெரட்டுற அதே மார்மைட்தான்! அதுக்குள்ள இருந்ததுதான் பின்னால ஃபோலேட்னு தெரிஞ்சது. ஃபோலேட் கொறஞ்சா சிவப்பணு பெருசாகும், அயர்ன் கொறஞ்சா சிறுசாகும். வெட்கிட்ட (கால்நடை டாக்டர்) குட்டி ரத்தம் குடுத்துப் பாருங்க, தெரிஞ்சிடும்.

வால்டோர்_தம்பி:
அக்கா, இப்பதான் ஃப்ரிட்ஜத் தொறந்து பாத்தேன். 100. மூனு மாசம் முன்னால வெல கொறச்சலா கெடச்சுதுன்னு தவுக்கே மாத்திட்டாராம், எங்ககிட்ட ஒருத்தரும் சொல்லல, நாங்க பழைய கணக்குலயே 1 மில்லி குத்திக்கிட்டு இருந்திருக்கோம்.

தீனிக்கார_அண்ணன்:
அடப்பாவமே. அப்ப பாதிதான் போயிருக்கு. புதுக்குட்டிக்கு 2 மில்லியா போடுங்க, ஏற்கனவே வெளுத்ததுக்கு வெட்கிட்ட கேட்டுட்டு மறுபடி போடுங்க. பிரிமிக்ஸ்காரர்கிட்ட இப்போதைக்கு வேணாம்னு சொல்லிடுங்க.

வால்டோர்_தம்பி:
சொல்லிடலாம்ணே, ஆனா தவுக்கேகிட்ட பாட்டில் கதையச் சொல்றதுக்குத்தான் நல்ல நேரம் பாக்கணும்.