அஜ்ஜா கும்பிட்ட உன்னிப் புதர் (ஊரே காக்கும் காடுகள்: நேரில் கண்டதை எழுதுங்கள்)

தாளவாடி வாத்தியார்:
பிளிகிரிரங்கன் மலை, நெல்லி சீசன். என் மாணவன் ஒருவனுடைய தாத்தாவோடு காட்டுக்குப் போனேன். சோளகர் பழங்குடி. நெல்லி பறிப்பதைப் பற்றி இங்கே பலருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும்: காயைத் தொடுவதற்கு முன்னால் அவர் மரத்தைச் சுற்றிவந்து அண்ணாந்து பார்த்தார். ஒரு கிளையில் புல்லுருவி. இடுப்புக் கத்தியோடு ஏறி அதை வெட்டித் தள்ளிய பிறகுதான் சாக்கை விரித்தார். எல்லாக் காயையும் பறிக்கவும் இல்லை. மானுக்கு என்று கொஞ்சம் விட்டார்.

நான் எழுத வந்தது இதைப் பற்றி அல்ல. திரும்பும்போது ஒரு மேட்டில் நின்றார். எதிரே ஆள் உயரத்துக்கும் மேலே உன்னிச்செடி. செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் புதரைப் பார்த்துக் கும்பிட்டார்.

"என்ன அஜ்ஜா?"

"நம்ம குலத்துக் கல்லு உள்ளே இருக்குது மேஷ்ட்ரே. போக வழியில்லை. இங்கிருந்தே கும்பிட்டுக்கறது."

முன்பு கோடை தொடங்குவதற்குள் சருகுக்கு மட்டும் தீ வைப்பார்களாம். அதற்கு 'தரகு பெங்கி' என்று பெயர். உன்னிக்கன்றும் புல்லுருவி விதையும் அதிலேயே பொசுங்கிவிடும் என்றார். 1974இல் சரணாலயம் ஆன பிறகு தீ நின்றது. 2006இல் விற்பதற்காக நெல்லி, தேன், கல்பாசி எடுப்பதும் தடுக்கப்பட்டது. 2011இல் வன உரிமைச் சட்டப்படி அவர்களுக்குச் சமூக வன உரிமை கிடைத்தது, அதாவது காட்டை ஊரே சேர்ந்து பயன்படுத்தவும் காக்கவும் உள்ள உரிமை. புலிகள் காப்பகத்துக்குள் அப்படிக் கிடைத்தது நாட்டிலேயே அதுதான் முதல் முறை. கடைசியாக அந்தக் கல்லைத் தொட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணத் தொடங்கியவர், பாதியில் கையை மடக்கிக்கொண்டார். அந்தக் கை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

போடி மெட்டு:
வாத்தியார் ஐயா, மன்னிக்கவும். தீயை நல்லது என்று பொதுவில் எழுதாதீர்கள். 2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ. மலையேறப் போனவர்களில் 20 பேருக்கும் மேல் இறந்துபோனார்கள். அன்று ராத்திரி நான் அடிவாரத்தில் நின்றேன். எங்கள் பக்கத்து ஆட்கள் டார்ச் வெளிச்சத்தில், போர்வையில் வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஒரு பெண் தண்ணீர் கேட்டுக்கொண்டே வந்தார். எனக்கு அந்தக் குரல்தான் காடு. தீ வைக்கும் உரிமையை ஊருக்குக் கொடுத்துவிட்டால், காற்று திரும்பினால் யார் பொறுப்பு? நெல்லி, பக்தி எல்லாம் சரி. இதற்குப் பதில் சொல்லுங்கள்.

மூங்கில்காடு:
நான் மேந்தா லேகாவுக்குப் போயிருக்கிறேன். மகாராஷ்டிரத்தில் கட்சிரோலி மாவட்டத்துக் கோண்டு பழங்குடி ஊர். 'தில்லியிலும் மும்பையிலும் எங்கள் அரசு, எங்கள் ஊரில் நாங்களே அரசு' என்று சொல்லும் அதே ஊர்தான். 2009இல் ஏறத்தாழ 1,800 ஹெக்டேர் காட்டுக்குச் சமூக வன உரிமை வாங்கினார்கள். அதற்குப் பிறகும் மூங்கிலை விற்க விடவில்லை. அது மரம், தேன், நெல்லி போன்ற சிறு வனமகசூல் அல்ல என்று ஒரு வாதம். வன உரிமைச் சட்டத்தின் சிறு வனமகசூல் பட்டியலிலேயே மூங்கில் என்று எழுதியிருக்கிறது! 2011 ஏப்ரலில்தான், அப்போதைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நேரில் வந்து, மூங்கிலை வெளியே கொண்டுபோகும் அனுமதிச்சீட்டுப் புத்தகத்தைக் கிராமசபையிடமே கொடுத்தார்.

நான் பார்த்தது ஒரு கூட்டம். எந்தப் பக்கத்து மூங்கிலை அந்த ஆண்டு வெட்டுவது என்று பேச்சு. ஏறக்குறைய எல்லோரும் ஒத்துக்கொண்டுவிட்டார்கள். கதவோரம் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா மட்டும் கூடாது என்றார், அங்கே போன வருடக் குருத்து இன்னும் முற்றவில்லையாம். நம் ஊராக இருந்தால் கை தூக்கச் சொல்லி முடித்திருப்பார்கள். அங்கே ஓட்டெடுப்பே கிடையாது, எல்லோரும் ஒப்ப வேண்டும். அந்த ஒருவருக்காகப் பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போனார்கள். யார் முகத்திலும் கோபம் இல்லை.

போடி அண்ணனுக்கு: பொறுப்பு யாருக்கு என்றால், அந்த அம்மாவைப் போன்றவர்களுக்குத்தான்.

நயாகட் நினைவு:
ஒடிசாவில் வேலை பார்த்தபோது நயாகட் மாவட்டத்தில் ஒரு வீட்டில் தங்கினேன். விடியற்காலை வாசல் கதவைத் திறந்தால் சுவரில் ஒரு கம்பு சாய்ந்து நிற்கிறது. யாரோ மறந்துவிட்டார்கள் என்று எடுத்து ஓரமாக வைத்தேன். வீட்டு அக்கா பதறிப்போய் என் கையிலிருந்து வாங்கினார். 'தெங்காபள்ளி' என்றார், எனக்குத் தேங்காய் என்றுதான் காதில் விழுந்தது. தெங்கா என்றால் கம்பு, பள்ளி என்றால் முறை. வாசலில் கம்பு இருந்தால் அன்று அந்த வீட்டார் காட்டைச் சுற்றிவர வேண்டும். சாயங்காலம் அடுத்த வீட்டு வாசலில் சாய்த்துவிட வேண்டும். அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல். அப்படியும் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு கிளம்பினார். "கம்பு என் வாசலில் தூங்கக்கூடாது தம்பி" என்றார். கூடப் போகிறேன் என்று நான் சொல்லவில்லை. பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன். பத்து வருடம் ஆகிறது, போயிருக்க வேண்டும்.

கூடலூர் செல்வி:
என்னுடையது சின்னது. வன உரிமை மனு எழுத உதவும் வேலையாகப் பணியர் பழங்குடி ஊர் ஒன்றுக்குப் போனேன். பை நிறையப் படிவம் 'ஏ', வீட்டுக்கும் நிலத்துக்கும். ஒரு பாட்டி விரல் ரேகை வைத்துவிட்டுக் கேட்டார்: "வீட்டுக்குச் சீட்டு எழுதினே. கிழங்கு தோண்டுற காட்டுக்குச் சீட்டு எங்கே மகளே?" என் பையில் அது இல்லை.

அதனால் இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன், கேட்காவிட்டாலும் சொல்கிறேன். 'ஏ' மட்டும் போட்டு நின்றுவிடாதீர்கள். தேன், கிழங்கு, மேய்ச்சல், மீன் இவற்றுக்குப் படிவம் 'பி'. காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் உள்ள உரிமைக்குப் படிவம் 'சி'. இது 2012 திருத்த விதிகளில் வந்தது. கிராமசபையில் பாதிப் பேராவது இருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். வன உரிமைக் குழுவில் 10 முதல் 15 பேர், அதிலும் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள். சான்று குறைந்தது இரண்டு வேண்டும். எழுத்தில் இல்லையே என்று பயப்படாதீர்கள்; மனு போடாத பெரியவர் ஒருவர் சொல்வதை எழுதி வாங்கினாலும் சான்றுதான். கோயில் கல், சுடுகாடு, பழைய கிணறு எல்லாமே சான்று. எல்லையை நடந்து பார்த்து வரையுங்கள், மேசையில் உட்கார்ந்து வரையாதீர்கள். ஓடையின் பெயரை ஊர் சொல்கிறபடியே எழுதுங்கள். பக்கத்து ஊரோடு முன்பே பேசிவிடுங்கள், இல்லாவிட்டால் எல்லைத் தகராறு என்று மனு தேங்கும். கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் வராதீர்கள். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் 2008 நீதிமன்ற உத்தரவால் பட்டா வழங்குவது 2016 வரை தடைபட்டுக் கிடந்தது. போன காலம் போதும், இனியும் தள்ளாதீர்கள்.

வாத்தியாருக்கு: அஜ்ஜா கும்பிட்ட இடத்தை வரைபடத்தில் குறித்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

தாளவாடி வாத்தியார்:
போடி மெட்டு ஐயாவுக்கு. நீங்கள் கேட்ட குரலுக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் மார்ச் மாதத்தில் காய்ந்த புல்லில் ஏறும் தீ வேறு. அஜ்ஜா சொன்னது தை மாதப் பனி ஈரத்தில், முழங்காலுக்குக் கீழே ஊர்ந்து அணையும் தீ. இப்போது உன்னி மண்டிக் கிடப்பதில் யார் தீ வைத்தாலும் அது மரத்தின் தலைக்கு ஏறும், அவரே வைக்க மாட்டார். இன்றைக்கு அதை வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

செல்வி கேட்டதை விசாரித்தேன். குறித்திருக்கிறார்கள். பேரனிடமும் கேட்டேன், கல் எங்கே என்று. வடக்கே கை காட்டினான். அவன் அதைப் பார்த்ததில்லை. பள்ளி விடுமுறையில் அவனும் நானும் இன்னும் நாலு பேரும் அரிவாளோடு போவதாகப் பேசியிருக்கிறோம். அஜ்ஜா முன்னால் நடப்பார்.