எழுத்துக்கு அளவு உண்டு, வெளிச்சத்துக்கு?

மாடிவீடு:
எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே ஒரு ஜவுளிக்கடை புதிதாக எல்இடி திரை வைத்திருக்கிறது. ராத்திரி 11.30 வரை சிவப்பும் பச்சையும் நீலமுமாக எங்கள் படுக்கையறைச் சுவரில் வந்து விழுகிறது. கெட்டித் துணியில் திரைச்சீலை போட்டும் பயனில்லை. கடையில் போய்க் கேட்டேன். "லைசென்ஸ் இருக்கு, தமிழ் பெருசா இருக்கு, வேற என்ன சார் வேணும்?" என்றார்கள். தமிழ் 5 பங்கு, ஆங்கிலம் 3 பங்கு, மற்ற மொழி 2 பங்கு என்ற பெயர்ப்பலகைக் கணக்கு தெருவில் எல்லோருக்கும் தெரிகிறது. வெளிச்சம் எவ்வளவு இருக்கலாம் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. பலகை எத்தனை அடி, எங்கே வைப்பது, எத்தனை மணிக்கு அணைப்பது, எல்லாவற்றுக்கும் கறாரான விதி வேண்டும் என்கிறேன்.

ஹார்ட்வேர்க்காரன்:
ஆரம்பித்துவிட்டீர்களா சார். ஆணியைக்கூட மொபைலில் ஆர்டர் போட்டு வாங்குகிறார்கள். தெருவில் போகிறவரை ஒரு நிமிடம் திரும்பிப் பார்க்க வைக்க எங்களிடம் மிச்சம் இருப்பது இந்தப் போர்டு ஒன்றுதான். அதற்கும் ஸ்கேல் வைத்தால் எப்படி? புது விதி வரும், அளக்க ஒருவர் வருவார், அப்புறம் மாதாமாதம் வருவார். அந்தச் செலவை யார் கணக்கில் எழுதுவது?

மாடிவீடு:
2024 மே 13 ஞாபகம் இருக்கிறதா? மும்பை காட்கோபரில் பெட்ரோல் பங்க் மேல் ஹோர்டிங் சாய்ந்து 17 பேர் போனார்கள். அனுமதிக்கும் அளவு 40க்கு 40 அடி. நின்றது 120க்கு 120. அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? 2023 ஜூனில் நம் கோவை பக்கம் கருமத்தம்பட்டியில் ஹோர்டிங் வேலையில் இருந்த 3 தொழிலாளர்கள் காற்றில் சாரத்தோடு விழுந்து இறந்தார்கள்.

ஹார்ட்வேர்க்காரன்:
அதைக் கொண்டுவந்து என் 12 அடி முகப்பில் சாத்தாதீர்கள். காட்கோபரில் விதி இல்லாமலா போனது? 40 அடி என்ற விதி இருந்தபோதுதானே 120 அடி நின்றது. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் நடுச்சாலையில் கட்டிய பேனர் விழுந்து, ஸ்கூட்டரில் வந்த 23 வயதுப் பெண் தண்ணீர் லாரியில் சிக்கி இறந்தாரே, பேனருக்குக் கட்டுப்பாடு அதற்கு முன்பே இருந்தது. பெரிய ஆள் வைத்தால் கண்ணை மூடிக்கொள்வார்கள். சின்னக் கடைக்காரன் வாசலில் ஸ்டாண்டி, அதாவது நிற்கிற விளம்பர அட்டை வைத்தால் வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போவார்கள்.

தமிழ்ப்பித்தன்:
ஸ்டாண்டியை நடைபாதையில் வைத்தால் தூக்கத்தான் செய்வார்கள் அண்ணே. அதிருக்கட்டும், அந்த 5:3:2ஐயாவது ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறீர்களா? ஆங்கிலப் பெயரை எழுத்து மாற்றித் தமிழில் எழுதிவிட்டால் தமிழ்ப் பலகை ஆகிவிடுமா?

ஹார்ட்வேர்க்காரன்:
தம்பி, 'ஹார்ட்வேர்' என்பதற்கு ஒரு சொல் கொடுங்கள். வாடிக்கையாளர் வந்து அதே சொல்லில் கேட்டால் மாட்டிவிடுகிறேன்.

மாடிவீடு:
பேச்சு எங்கேயோ போகிறது. பிரேசிலின் சாவோ பாலோவில் 2007 முதல் விளம்பரப் பலகையே கூடாது. கடையின் பெயர்ப்பலகைக்கும் முகப்பை வைத்துத்தான் கணக்கு. முகப்பு 10 மீட்டருக்குள் என்றால் பலகை ஒன்றரை சதுர மீட்டருக்கு மேல் போகக்கூடாது. ஜப்பானின் கியோட்டோவும் அதே 2007இல் மொட்டைமாடிப் பலகை, மின்னும் விளக்கு இரண்டையும் தடை செய்தது. இருப்பதைக் கழற்ற 7 வருடம் அவகாசம் கொடுத்தார்கள். நம் ஊர் மாதிரி காலையில் நோட்டீஸ், மாலையில் ஜேசிபி என்று வரவில்லை.

ஹார்ட்வேர்க்காரன்:
ஒன்றரை சதுர மீட்டர் என்றால் 16 சதுர அடி! என் போர்டு இப்போது 12க்கு 4, அதாவது 48. மூன்றில் ஒரு பங்கு. அதில் தமிழ், ஆங்கிலம், போன் நம்பர், சாமி படம், பெயின்ட் கம்பெனிக்காரன் பெயர், எல்லாம் எங்கே போடுவேன்?

போர்டு மாமா:
20 வருடமாகப் போர்டு அடிக்கிறவன், குறுக்கே வருகிறேன். 16 அடி என்றால் 8க்கு 2. தாராளமாகப் போதும். எங்கள் தொழிலில் ஒரு கணக்கு உண்டு: 10 அடி தூரத்துக்கு 1 அங்குல உயரம். உங்கள் தெரு 40 அடி என்றால் 4 அங்குல எழுத்தே எதிர்ச்சாரியில் நின்று நன்றாகப் படிக்கலாம். தமிழுக்கு மேலே விலங்கும் கீழே சுழியும் இருப்பதால் ஒரு அங்குலம் கூட்டிக்கொள்ளுங்கள். 48 அடியில் பாதி இடம் உங்களுடையதே இல்லை, பெயின்ட் கம்பெனியுடையது. அவர்கள் இலவசமாக அடித்துக் கொடுத்ததுதானே?

ஹார்ட்வேர்க்காரன்:
இலவசம்தான். அதற்கென்ன.

போர்டு மாமா:
ஒன்றுமில்லை, சொன்னேன். மாடிவீடு சாருக்கு: உங்கள் தொல்லைக்குக் காரணம் அளவு இல்லை. எல்இடி திரை பகல் வெயிலில் தெரிய 5000 நிட்ஸ் வேண்டும், நிட்ஸ் என்பது திரை வெளிச்சத்தின் அளவு. இருட்டில் 300 போதும், கூடிப்போனால் 500. பகலுக்கு வைத்த வெளிச்சத்தை அப்படியே விட்டுவிட்டுப் போகிறார்கள். எதிரே வண்டி ஓட்டுகிறவனுக்கும் கண் கூசும். சென்சார் போட்டால் பொழுது சாயச்சாயத் தானே குறையும். சென்சார் இல்லையென்றாலும் திரையை இயக்கும் கண்ட்ரோல் கார்டில் 'ராத்திரி 7 மணிக்கு மேல் இவ்வளவு' என்று வைத்துவிடலாம். காசு செலவே இல்லாத வேலை. யாரும் கேட்பதில்லை, நாங்களும் சொல்வதில்லை. பளிச்சென்று எரிந்தால்தான் பாக்கிப் பணத்தை எண்ணி வைக்கிறார்கள்.

மாடிவீடு:
அப்படியென்றால் விதியில் அதை எழுதுவதற்கு என்ன தடை? பொழுது சாய்ந்தால் 300, 10 மணிக்கு மேல் ஓடும் எழுத்து, மாறும் படம் கிடையாது. ஹார்ட்வேர் அண்ணே, இதிலாவது சம்மதமா?

ஹார்ட்வேர்க்காரன்:
அளவில் கை வைக்காமல் இது மட்டும் என்றால் பார்க்கலாம். வெளிச்சம் அளக்க மீட்டரோடு வருகிறவர் முதலில் அந்த ஜவுளிக்கடைக்குப் போகட்டும், பிறகு என் கடைக்கு வரட்டும். மாமா, என் வாசலிலும் சிவப்பு எழுத்து ஓடும் ஸ்க்ரோலிங் போர்டு ஒன்று இருக்கிறது, பி10 மாட்யூல் என்கிற எல்இடி பலகை. அதிலும் குறைக்கலாமா?

போர்டு மாமா:
போன் வைஃபையில் தேடுங்கள், கார்டின் பெயர் வரும். பாஸ்வேர்டு போட்டு உள்ளே போனால் வெளிச்சத்துக்குத் தனி இடம் இருக்கும்.

ஹார்ட்வேர்க்காரன்:
பாஸ்வேர்டா? மாட்டியவர் அதைச் சொல்லவே இல்லை. போன தீபாவளித் தள்ளுபடியே இன்னும் அதில் ஓடிக்கொண்டிருக்கிறது.